கதவின் நாக்கு

இரண்டு மணியாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது சின்னமுத்து ஷெட்டுக்குள் நுழைவான். இரண்டு அடித்ததும் மாரீஸ்வரி வெளியேறுவாள். வாரத்தில் ஆறு நாள் புருஷனும் பெண்டாட்டியும் விழித்த கண்ணோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது அந்தப் பத்து நிமிஷம்தான். அதுவும் ஏழாம் நம்பர் மிஷினுக்கு முன்னால், சூடு தணிக்கிற கூலண்ட் நாற்றத்தில், ஒருத்தர் காதில் ஒருத்தர் கத்திக்கொண்டு.

"உள்துளை கொஞ்சம் கொஞ்சமாச் சின்னதா வருது. முப்பது பீசுக்கு ஒருக்கா ஆஃப்செட் ஏத்திருங்க" என்பாள் அவள்.

"ரசம் மூடி வெச்சிருக்குது. புள்ளை பள்ளிக்கூடத்துல வரைய பெரிய தாள் கேட்டுச்சு, போறப்ப வாங்கிக்க" என்பான் அவன்.

மிஷினையும் வீட்டையும் எட்டு வருஷமாக அப்படித்தான் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். மகள் ஷிஜி ஒரு வயசுக் குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்த ஏற்பாடு. காலை ஷிஃப்ட் அவளுக்கு, மத்தியான ஷிஃப்ட் அவனுக்கு. யாராவது ஒருத்தர் எப்போதும் நல்லேப்பிள்ளி வீட்டில் இருப்பார்கள்.

எல்லைக்கு மலையாளப் பக்கம், கஞ்சிக்கோட்டில் அந்தக் கம்பெனி வால்வு உதிரிகள் செய்து கப்பலில் அனுப்பியது. கணினி சொன்னபடி கடைசல் மிஷின் தானே ஓடும், ஆள் பட்டனை அழுத்தினால் போதும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மிஷினுக்கு எழுதிக் கொடுத்ததுதான் தெரியும். கடைகிற முனை தேய்ந்தது அதற்குத் தெரியாது. வெயில் ஏற ஏற, ஓட ஓட, தன் உடம்பே சூடாகி விரிவதும் தெரியாது. காலை ஆறு மணிக்குச் சரியாக வந்த அளவு பதினோரு மணிக்கு வராது. தலைமுடியை ஏழாக வகிர்ந்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு பிசகினால் பீஸ் குப்பைக்குத்தான். மாரீஸ்வரி அளவு பார்க்கும் கேஜை உள்ளே விட்டுப் பார்க்குமுன்பே சத்தத்தில் தெரிந்துகொள்வாள். நல்ல முனை வெட்டும்போது துணி கிழிகிற மாதிரி ஒரே சீராகக் கேட்கும். தேய்ந்த முனை சீறும். அவள் திரையில் ஆஃப்செட்டுக்கு இரண்டு எண்ணைத் தட்டிவிட்டுப் போவாள், அடுத்த பீஸ் அளவுக்குள் வந்து நிற்கும்.

ஏலப்பாறை எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். அவள் அக்கா வேலுத்தாய் பதினெட்டு வயசில் கொழுந்துக் கூடையை எடுத்தாள், இவள் ஐ.டி.ஐ.க்குப் போய் மலையிறங்கினாள். கம்பெனியில் அப்போதே ஆபரேட்டராக இருந்த சின்னமுத்துவைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாலு வருஷத்தில் அவனைத் தாண்டி செட்டர் ஆனாள். புரோகிராமைத் திருத்துவது, முனைகளைப் பொருத்துவது, முதல் பீஸை அளவுக்குக் கொண்டுவருவது எல்லாம் அவள். அவள் கட்டிவைத்துப் போனதை அவன் ஓட்டுவான். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "என்ற சம்சாரம் பூட்டிக் குடுக்கறா, நான் வண்டி ஓட்டறேன்" என்று கேண்டீனில் சிரிப்பான்.

அந்த வருஷம் மீன மாசம், பங்குனியிலேயே வெயில் கொளுத்தியது. வயலில் அறுப்பு முடிந்து வைக்கோல் புழுதி காற்றில் பறந்தது. கணவாய்க் காற்று ஷெட்டின் தகரத்தை நாள் முழுக்க அடித்தது, உள்ளே மட்டும் வரவில்லை. அப்போது வந்தது துருப்பிடிக்காத எஃகில் ஒரு பெரிய ஆர்டர். அந்த எஃகைக் கடைந்தால் சீவல் உடையாது. நூல்கண்டு பிரிகிற மாதிரி நீளநீளச் சுருளாக வந்து, சுழலும் பீஸிலும் முனையிலும் சுற்றிக்கொள்ளும். ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். சுருளை உடைக்கிற வரி போட்ட முனை இருக்கிறது, மாரீஸ்வரி கேட்டாள். விலை மலிந்த முனைதான் வந்தது. ஆகவே ஒவ்வொரு பீஸுக்கும் மிஷினை நிறுத்தி, கதவைத் திறந்து, கொக்கிக் கம்பியால் சுருளை இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் சதீஷ் வந்து போர்டில் எழுதியிருந்த எண்ணிக்கையைப் பார்த்தார்.

"மாரீ, நாளைக்குக் கண்டெயினர் மூடுது. இப்படிப் போனா பாதி கூட ஆகாது கேட்டியா."

"நிப்பாட்டி நிப்பாட்டி எடுக்கணும் சார். ஒரு பீசுக்கு முக்கா நிமிஷம் அதுலயே போகுது."

சதீஷ் கதவின் மேல்மூலையைப் பார்த்தார். கதவில் ஒரு இரும்பு நாக்கு இருக்கும். கதவு மூடும்போது அது சட்டத்திலுள்ள ஸ்விட்சுக்குள் நுழையும். நுழைந்தால்தான் மிஷின் சுழலும். கதவைத் திறந்தால் நாக்கு வெளியே வந்து மிஷின் நின்றுவிடும்.

"அதக் கழட்டி ஸ்விட்சுலயே சொருகிடு. ஓடயிலயே கொக்கி போட்டு எடுத்துக்கலாம். ஒனக்குத் தெரியாத வித்தையா?"

அவர் கை நீட்டவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாரீஸ்வரி ஆலன் கீ எடுத்து இரண்டு ஸ்குரூவைக் கழற்றினாள். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு, முனை பின்வாங்குகிற அந்த ஒரு நொடியில் கொக்கியைக் கொடுத்துச் சுருளை இழுத்தாள். கையுறை போடவில்லை, சுழலுகிற சாமானுக்கு முன்னால் கையுறை ஆகாது. பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. இரண்டு மணிக்கு முன்னால் போர்டில் எழுதிய எண்ணை அடுத்த மிஷினில் நின்ற ரியாஸ் பார்த்துவிட்டு விசிலடித்தான்.

சின்னமுத்து அன்று ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தான்.

"புள்ளைக்கு மேலு சுடுது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. பக்கத்து ஊட்டுல விட்டுட்டு வந்தேன், அழுவுது. நீ வெரசாப் போ."

அவள் கை கழுவவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கேட்டுக்கு வந்தபோது நாக்கின் நினைவு வந்தது. நின்றாள். கம்பெனி வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹார்ன் அடித்தான். திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். அவள் வேனில் ஏறிவிட்டாள்.

நாலரை மணிக்கு ஷிஜியைச் சாய்த்து வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது ரியாஸ் போன் செய்தான். "அக்கா, பதறாம கேளுங்க" என்றுதான் ஆரம்பித்தான்.

கூலண்ட் பட்டுப் பட்டு சின்னமுத்துவின் கை வெடித்து ரத்தம் கசியும். அதற்காகத் துணிக் கையுறை போட்டுக்கொள்வான். அவள் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறாள். சுருள் கையுறையைச் சுற்றிக்கொண்டது. சுழல் கையை இழுத்துக்கொண்டது. ரியாஸ் ஓடிவந்து சிவப்புப் பட்டனை அடித்தபோது வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன.

ரியாஸ் கேண்டீன் ஐஸில் விரல்களைப் போட்டுக் கட்டிக்கொண்டு தன் காரிலேயே வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோயிருந்தான். மாரீஸ்வரி போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர்.

"வெட்டுப்பட்டதுன்னா ஒட்டிப் பாக்கலாம்மா. இது இழுத்துப் பிஞ்சு வந்திருக்கு. நரம்பெல்லாம் உள்ள இருந்தே உருவிருச்சு. ஒட்டாது."

கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். அவள் தலையாட்டினாள். ஐஸ் பெட்டியை என்ன செய்வது என்று ரியாஸ் கேட்டான். பிறகு அவனே எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

போகும்போது அவன் குரலைத் தாழ்த்தினான். "கதவு நாக்கு ஸ்விட்சுல சொருகியே இருந்துச்சு அக்கா. எல்லாரும் பாத்துட்டாங்க. காலையில யாரு கழட்டுனதுன்னு எனக்குத் தெரியும். நானா வாய் தெறக்க மாட்டேன். ஆனா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்."

மூன்றாம் நாள் சதீஷ் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். சின்னமுத்து மருந்து மயக்கத்தில் கிடந்தான். அவர் மாரீஸ்வரியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கையில் மலையாளத்தில் அடித்த ஒரு தாள்.

"ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் மொழி எடுக்க, வாக்குமூலம் எழுத, வருவார். சின்னமுத்து அவனே கழட்டினான்னு ரிப்போர்ட் போயிருக்கு. இந்தத் தாளுல அவன் ஒப்புப் போட்டாப் போதும், ஈ.எஸ்.ஐ. பணம் எப்படியும் கிடைச்சிரும்."

"நான்லா சார் கழட்டினேன்? நீங்க சொல்லித்தானே கழட்டினேன்?"

"நான் சொன்னேன்கறதுக்கு எழுத்து இருக்கா மாரீ?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவர் போலச் சொன்னார். "மேல இருந்து என்னைக் குத்தறாங்க. நான் உன்னைக் குத்தறேன். இப்ப வெளிய வந்தா உன் பேரு வரும், என் பேரு வரும். கம்பெனி அப்படியேதான் இருக்கும். ஊட்டுல ஒரு ஆளாவது வேலையில இருக்க வேண்டாமா?"

ஏலப்பாறையிலிருந்து வேலுத்தாய் லீவு போட்டுவிட்டு வந்து ஷிஜியைப் பார்த்துக்கொண்டாள். எஸ்டேட்டுத் தேயிலைத்தூளும் நாலு உடுப்புமாக வந்தவள், வந்த அன்றே வீட்டைக் கழுவிவிட்டு, பயறும் கஞ்சியும் வைத்தாள். மாரீஸ்வரி அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். வேனில் ஏறினதையும் சொன்னாள்.

"நெனப்பு வந்துச்சாட்டி?" என்று வேலுத்தாய் கேட்டாள்.

"வந்துச்சுக்கா."

"வந்தும் ஏறிட்டே."

"புள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னாகளே. அவுக பாத்துக்கிடுவாகன்னு நெனச்சேன்."

வேலுத்தாய் அடுப்பில் விறகைத் தள்ளினாள். அவள் விரல் நுனிகள் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தன.

"இன்ஸ்பெட்டர்கிட்ட சொல்லிரு" என்றாள். "வேல போனா போகுது. எங்க லயத்துல வந்து கெட. கொழுந்தெடுக்க ஆளில்லாம அசாம்காரங்கள எறக்கிக்கிட்டு இருக்காக. சொல்லாம வச்சிருந்தேன்னு வையி, தெனம் அந்த மனுசன் கையப் பாத்துக்கிட்டு நீ எப்படிச் சோறு திம்பே?"

மறுநாள் காலை மாரீஸ்வரி சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதலில் அவனிடம் சொல்லவேண்டும். சின்னமுத்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட கை மார்பில் ஒரு குழந்தை மாதிரிக் கிடந்தது. அவள் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். அந்த நாக்க நான்தான் கழட்டினேன்."

அவன் மென்று விழுங்கினான்.

"தெரியும். வந்ததும் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் மாட்டாம விட்டீக?"

"நீ செட் பண்ணி வெச்சதுல நான் என்னைக்குக் கை வெச்சிருக்கறேன்?"

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அவள் இட்லித் துண்டைத் தட்டில் வைத்தாள்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட உள்ளதச் சொல்லுதேன். சதீஷ் சார் சொல்லித்தான் செஞ்சேன்னும் சொல்லுதேன்."

"சொல்லி? வெரலு மொளைக்குமா?"

"அதுக்கில்லங்க. நீங்க செய்யாத தப்ப நீங்க ஏன்..."

"நேத்து நீ போன பொறகு சதீஷ் வந்தாரு. ஒப்புப் போட்டுட்டேன். எடது கையில கோணக்கோணையா வந்துது, போதுமுன்னுட்டாரு." அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "இனி நான் மிஷின் ஓட்ட முடியாது. உன்ற வேலையும் போனா மூணு பேரும் எவத்தால போயி நிக்கறது? அந்தாளு கேட்டா, நீ போறப்ப நாக்கு கதவுலதான் இருந்துதுன்னு சொல்லிப்போடு. அவ்வளவுதான்."

"என்னால முடியாதுங்க."

"முடியும். இத்தன நாளு எல்லாத்தையும் நீதான முடிச்சே."

இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு வந்தார். மரியாதையான மனுஷர். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சின்னமுத்துவிடம் வலி எப்படி இருக்கிறது என்று மலையாளத்தில் விசாரித்தார். எழுதியதை வாசித்துக் காட்டினார். சின்னமுத்து ஒவ்வொரு வரிக்கும் "ஆமாங்க" என்றான். அப்புறம் அவர் மாரீஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

"முந்தின ஷிஃப்டில் நீங்கள்தானே? நீங்கள் போகும்போது கதவு ஸ்விட்ச் சரியாக இருந்ததா?"

வாசலில் சதீஷ் நின்றுகொண்டிருந்தார். சின்னமுத்து அவளைப் பார்க்கவில்லை. கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வேறு ஒரு கேள்வி, மிஷின் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் போல ஏதாவது ஒன்று, அவர் கேட்டிருந்தால் அவள் உடைந்திருப்பாள். அவர் கேட்கவில்லை.

"சரியா இருந்துது சார்" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். ரியாஸை யாரும் கூப்பிட்டு எதுவும் கேட்கவே இல்லை.

வேலுத்தாய் அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஷிஜியை முத்தமிட்டாள். மாரீஸ்வரியிடம், "கொழுந்து முத்திப்போகும், போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

சின்னமுத்து வீட்டுக்கு வந்து ஒரு மாசம் நல்லபடிதான் இருந்தான். இடது கையால் சட்டைப் பித்தான் போடப் பழகினான். ஷிஜிக்குத் தலைபின்ன முயன்று இருவரும் சிரித்தார்கள். வெளியில் போகத் தொடங்கியதும்தான் மாறினான். டீக்கடையில் யாரோ, "அவனேதான் ஸ்விட்சக் கழட்டிக் கைய உட்டானாமா, கிறுக்கன்" என்று பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவன் அண்ணனே, "ஏண்டா, உனக்கு அறிவு வேண்டாமா?" என்று கேட்டான். சின்னமுத்து அதை வீட்டில் சொல்லவில்லை. மாரீஸ்வரிக்கு அது பக்கத்து வீட்டுக்காரி மூலம் தெரிந்தது. அவள் எதைக் கேட்டாலும் "உம்" என்றான். சோறு பிசைந்து கொடுக்கப் போனால், "நான் பாத்துக்கறேன்" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

ஏழாம் நம்பர் மிஷினைக் கழுவித் துடைத்து, கதவில் புது நாக்கு போட்டு, பக்கத்தில் மஞ்சள் போர்டு ஒன்று மாட்டியிருந்தார்கள். மத்தியான ஷிஃப்டுக்கு மாரீஸ்வரன் என்று ஒருத்தன் வந்தான். பள்ளிவாசல் எஸ்டேட்டுக்காரன், முப்பது வயசு, இரண்டு பிள்ளைகள். இரண்டு மணிக்கு முந்தின பத்து நிமிஷத்தை அவள் இப்போது அவனிடம் அளவு சொல்லிக் கழித்தாள்.

எடவ மாசம், வைகாசியில், மழை பிடித்தபோது அதே எஃகில் அடுத்த ஆர்டர் வந்தது. மாரீஸ்வரி புரோகிராமில் இரண்டு நாள் உட்கார்ந்தாள். முனையை ஒரே மூச்சில் ஓடவிடாமல், கொஞ்சம் வெட்டி, ஒரு கணம் நின்று, மறுபடி வெட்டும்படி மாற்றி எழுதினாள். சுருள் உடைந்து துண்டு துண்டாக விழுந்தது. கொக்கி தேவைப்படவில்லை. ஆனால் பீஸுக்கு அரை நிமிஷம் கூடியது.

மூன்றாம் நாள் சதீஷ் போர்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"மாரீ, பழைய புரோகிராமையே போட்டுடு."

"போட்டா சுருள் சுத்தும் சார்."

"சுத்துனா எடுக்கலாம்."

"எப்படி எடுக்க?"

அவர் கதவின் மேல்மூலையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"நான் கழட்ட மாட்டேன் சார். எழுதிக் குடுங்க, அப்பவும் கழட்ட மாட்டேன்."

ஷெட்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சதீஷின் முகம் சிவந்து பிறகு அடங்கியது. "சரி" என்றார். மறுநாள் காலை அவள் பெயர் பிசிறு தட்டும் மேஜைக்கு மாறியிருந்தது. முடிந்த பீஸின் ஓரத்தை அரத்தால் ராவி, துடைத்து, டிரேயில் அடுக்குகிற வேலை. ஐ.டி.ஐ. தேவையில்லாத வேலை. ஏழாம் நம்பரில் காலை ஷிஃப்டுக்கு மாரீஸ்வரன் நின்றான்.

பத்து மணிக்கு அவன் ஆலன் கீயை எடுப்பதை அவள் மேஜையிலிருந்து பார்த்தாள். எழுந்து போனாள்.

"வேண்டாம்யா. எதுக்குன்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்க்கா." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்குரூவைத் திருகினான். "சார் சொல்லிட்டாரு. நான் பாத்து எடுத்துக்கிடுதேன்."

"அவுக கையில மூணு வெரல் போயிருக்கு."

"அண்ணன் அவராக் கழட்டி விட்டதுனால தான்னு சொன்னாகளே" என்றான் அவன்.

அவளுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலை ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னால் சின்னமுத்து ஒப்புப் போட்டது பொய்யாகும், அவள் சொன்னதும் பொய்யாகும். அவள் மேஜைக்குத் திரும்பி வந்து அரத்தை எடுத்தாள். இரண்டு மணி வரை ஏழாம் நம்பரின் பக்கம் தலையைத் திருப்பவில்லை. காதை மட்டும் மூட முடியவில்லை. முனை தேய்ந்து சீறுவது கேட்டது. அவன் அதைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் மழை கொட்டியது. சின்னமுத்துவே சாப்பாடு வைத்திருந்தான். ஒரு கையால் நறுக்கிய பூசணிக்காய் பெரிய பெரிய துண்டுகளாகக் கூட்டில் கிடந்தது. ஷிஜி சாப்பிட்டுவிட்டு உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தாள். மாரீஸ்வரி அவன் எதிரில் உட்கார்ந்து, வெகு நாளைக்குப் பிறகு, வேலையிடத்தில் நடந்ததை முழுதாகச் சொன்னாள். சதீஷ் கேட்டது, அவள் மறுத்தது, மேஜைக்கு மாற்றியது.

"முகத்துக்கு நேரா சொல்லிட்டேங்க. எழுதிக் குடுத்தாலும் கழட்ட மாட்டேன்னு. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாக."

சின்னமுத்து இடது கையால் கரண்டியைப் பிடித்து சோற்றை ஒதுக்கிக்கொண்டிருந்தான். அவள் அவன் வாயைப் பார்த்தாள். நல்லது என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றிருந்தது.

"இத மொத தடவ கேட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல?" என்றான்.

குரல் உயரவில்லை. இரண்டு மாசமாக அவள் எதிர்பார்த்திருந்த கேள்வி. இத்தனை நாளில் எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு தட்டை அவள் பக்கம் லேசாகத் தள்ளி, "மோர் ஊத்து" என்றான்.

அவள் ஊற்றினாள்.